ரீச்சர், அந்தக் கதிரையை ஒருவருக்கும் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: தம்பி, எனக்கு வயது 56. மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு காலும் பலம் குறைந்துபோனது, முதுகும் கொஞ்சம் இடப்பக்கம் வளைவு. ஊன்றுகோலோடுதான் படித்தேன், ஊன்றுகோலோடுதான் 27 வருடம் படிப்பித்தேன். இப்போது தோள் இரண்டும் தேய்ந்துவிட்டது. லண்டனில் இருக்கும் என் தம்பி, பாவித்த பற்றரிக் கதிரை ஒன்றை அனுப்பிவைத்தான். பெரிய சில்லு இரண்டும் பின்னால், சின்னச் சில்லு முன்னால். எங்கள் விறாந்தை மூன்று படி உயரம், மருமகனின் மோட்டர்சைக்கிள் ஏற்றவென்று மேசன் 6 அடி நீளத்தில் போட்ட சாய்வு ஒன்று இருக்கிறது. போன மாதம் அதில் இறங்கும்போது பாதியிலேயே கேற்றுப் பக்கம் இடப்புறம் திருப்பினேன். கதிரை சுழன்று, முன்சில்லு மணலில் குத்தி நின்றது, நான் முன்னால் விழுந்து முழங்கால் இரண்டும் தேய்ந்தது. ரியூசன் பிள்ளைகளின் கொப்பிப் பையோடு ஏறினால் முன்பக்கம் தூக்குகிறது. வீட்டுக்குள் அறைக்குத் திரும்பும் மூலையில் ஒவ்வொரு நாளும் கால்விரல் எதிர்ச்சுவரில் இடிக்கும், பின்சில்லு மூலைச் சாந்தைப் பெயர்க்கும். மருமகன் மோட்டருக்குப் பக்கத்தில் உள்ள நெம்பைத் திருப்பிவிட்டு, கையால் பிடித்துத்தான் என்னை இறக்குகிறார். இனித் தனியே இறங்கவே கூடாது என்கிறாள் மகள். பழுது கதிரையிலா, என்னிலா? யாருக்காவது இதைக் கொடுத்துவிட்டு ஊன்றுகோலுக்கே போய்விடட்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லடி, மட்டக்களப்பு)

பதில்:

ரீச்சர், கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், ஊன்றுகோலுக்குத் திரும்பிப் போகாதீர்கள். ஐம்பது வருடமாக உடம்பின் பாரத்தைச் சுமந்த தோள்கள் அவை. போலியோவில் தப்பிய தசைகள், பலமிழந்த தசைகளின் வேலையையும் சேர்த்துப் பார்த்துவந்து, பல பத்து வருடங்களுக்குப் பிறகு களைத்துப்போவது நன்றாகத் தெரிந்த விஷயம், அதற்கு இன்னும் பாரம் ஏற்றினால் இருக்கிற பலமும் போகும். இலங்கையில் கடைசியாகப் போலியோ நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டது 1993இல். அதனால் இன்றைய இளம் சிகிச்சையாளர்கள் பலர் போலியோக் காலைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள், தோள்வலிதானே, நன்றாக அப்பியாசம் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால், போலியோ வந்த தோள் என்பதைச் சொல்லி, எவ்வளவு செய்வது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பழுது யாரில் என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்று படி என்றால் ஒன்றரை அடி உயரம். அதை 6 அடி நீளத்தில் இறக்கியிருக்கிறார் மேசன், அதாவது நாலு அடி போனால் ஒரு அடி இறக்கம், பாகைக் கணக்கில் 14. பற்றரிக் கதிரைகளின் கையேடுகளில் போகக்கூடிய சரிவு என்று 6 பாகை, 8 பாகை, மிஞ்சிப்போனால் 10 பாகை என்றுதான் அநேகமாகப் போட்டிருப்பார்கள். சில்லுக் கதிரைக்கு உலகம் முழுக்கப் பாவிக்கும் கணக்கு 12 அடிக்கு 1 அடி, அது 5 பாகை கூட வராது. உங்கள் வீட்டு உயரத்துக்கு 18 அடி நீளம் வேண்டும், இருப்பது 6 அடி. மோட்டர்சைக்கிளுக்கு அது போதும், மேசனில் பிழை சொல்ல முடியாது, அவரிடம் கேட்டதை அவர் செய்து தந்திருக்கிறார். ஆனால் அந்தச் சாய்வில் எந்தக் கெட்டிக்காரரை உங்கள் கதிரையில் இருத்தினாலும் என்றைக்காவது ஒருநாள் விழுவார்.

எங்கள் ஊர் தட்டையான ஊர், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். ஏறி இறங்க மலை இல்லை. ஆனால் மாரி வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்திக் கட்டுகிறோம், மறுகா அந்த உயரத்துக்கு ஏற முற்றத்தில் மிஞ்சிய இடத்துக்குள் ஒரு சாய்வை அடக்கப் பார்க்கிறோம். நான் போய்ப் பார்த்த வீடுகளில் கதிரையோடு விழுந்தவர்கள் அநேகம் பேர் றோட்டில் விழவில்லை, சொந்த வாசலில்தான் விழுந்திருக்கிறார்கள்.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். உங்கள் கதிரையை ஓட்டுவதும் அதே சில்லு, நிறுத்துவதும் அதே சில்லு, பின்னால் இருக்கும் பெரிய இரண்டும்தான். முன்னால் உள்ள சின்னச் சில்லுகளுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பி ஓடும். தட்டை நிலத்தில் உங்கள் பாரத்தில் பெரும்பகுதி பின்சில்லின் மேல் நிற்கும், அதனால் அது நிலத்தை நன்றாகப் பிடிக்கும். முகம் கீழே பார்க்க இறங்கும்போது அந்தப் பாரம் முன்னால் போய்விடுகிறது, பின்சில்லு இலேசாகிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து நீங்கள் கதிரையை ஓட்டும் குச்சியை, அதுதான் ஜோய்ஸ்ரிக்கை, இடப்பக்கம் தள்ளினீர்கள். பிடி இல்லாத பின்பக்கம் வலப்புறமாக வீசியது, முன்சில்லுகள் பள்ளத்துப் பக்கம் திரும்பின, ஒன்று மணலுக்குள் குத்தியது, கதிரை நின்றது, பெல்ட் போடாததால் நீங்கள் நிற்கவில்லை. உங்கள் முதுகும் இடப்பக்கம் வளைவு என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே பாரம் ஏற்கெனவே அந்தப் பக்கம் கூட. இதில் உங்கள் கைப்பிழை என்று நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான், சரிவில் இருக்கும்போது திருப்பினீர்கள். ஏறினாலும் இறங்கினாலும் சரிவு முடியும்வரை நேரே, நாலு சில்லும் தட்டைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் திருப்பம். குறுக்காகவும் போகக் கூடாது, கோணலாக ஏறினால் சரிவு குறையும் என்று சைக்கிளில் செய்கிற வேலையைக் கதிரையில் செய்தால் பக்கவாட்டில் சரிந்துவிடும்.

இதற்கு முன்னால் இன்னொரு சின்ன விஷயம் இருக்கிறது, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. விறாந்தைக் கதவால் வெளியே வந்து, அப்படியே திரும்பி, உடனே சாய்வில் இறங்குவீர்கள் என்று நினைக்கிறேன். திரும்பிய கையோடு முன்சில்லுகள் கோணலாக நிற்கும். அந்தக் கோணலோடு இறங்கத் தொடங்கினால் கதிரை முதல் அரைச் சாணிலேயே ஒரு பக்கம் வெட்டும், நீங்கள் பயந்து மறுபக்கம் திருப்புவீர்கள், வினை அங்கேதான் தொடங்கும். ஆகவே சாய்வின் தலைப்பில் நேராக நின்று, ஒரு அடி பின்னுக்குப் போய், மறுபடி ஒரு அடி முன்னுக்கு வந்து, சின்னச் சில்லுகள் இரண்டும் நேராக வால்போலப் பின்னால் திரும்பிவிட்டதைக் குனிந்து பார்த்துவிட்டு இறங்குங்கள். இடம் இல்லாவிட்டால் இடம் உண்டாக்க வேண்டும், அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

இறங்கும்போது வேகத்தை ஆகக் குறைந்த எண்ணில் வையுங்கள், இறங்கத் தொடங்குவதற்கு முன்னமே வைக்க வேண்டும், பாதியில் தேடக் கூடாது. முதுகை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து, இடுப்பை இருக்கையின் பின்முனைவரை தள்ளி இருங்கள். நிறுத்த வேண்டுமானால் ஜோய்ஸ்ரிக்கை அப்படியே பட்டென்று விடாமல், நடுவுக்கு மெல்ல மெல்லக் கொண்டுவாருங்கள். சட்டென்று விட்டால் கதிரை சட்டென்று நிற்கும், உடம்பு முன்னால் போகும். நடுவுக்கு வந்து ஒரு நொடியில் மோட்டர்ப் பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான் பிறேக் பூட்டும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் கதிரை சரிவில் தானாக நகராது. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைத் தட்டை நிலத்தில் பத்துத் தரம் கேட்டுப் பழகுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை அணைப்பதும் ஜோய்ஸ்ரிக்கைச் சட்டென்று விடுவதுபோலத்தான், கல்லில் மோதியதுபோல நிற்கும், ஜோய்ஸ்ரிக் இறுகி வேறு வழியே இல்லாத ஆபத்துக்கு மட்டும் அதை வைத்திருங்கள்.

இனி மருமகனுக்கு. அவர் அன்பாகத்தான் செய்கிறார், ஆனால் இந்தக் கடிதத்தில் என்னை ஆகவும் பயப்படுத்திய வரி அதுதான். அந்த நெம்பைத் திருப்பினால் மோட்டர் சில்லை விட்டு விலகும், மோட்டர் விலகினால் பிறேக்கும் விலகும். பிறகு அது வெறும் பாரவண்டி. பற்றரியோடு கதிரை 100 கிலோவைத் தாண்டுவது சாதாரணம், அதற்கு மேல் உங்கள் நிறை, அதை 14 பாகைச் சரிவில் இரண்டு கையால் பிடித்திருப்பவருக்குச் செருப்பு ஒருமுறை வழுக்கினால் போதும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு வீட்டில் இதேபோல ஒருவர் கதிரையை விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் கிணற்றுக்கட்டுவரை இழுபட்டுப் போனார், அந்தக் கட்டு இருந்ததால்தான் இருவரும் தப்பினார்கள். நெம்பைத் தட்டை நிலத்தில், பழுதான கதிரையை நகர்த்துவதற்கு மட்டும் தொடட்டும். மருமகன் உதவ விரும்பினால் நீங்கள் மோட்டரில் இறங்கும்போது முன்னால் நிற்காமல், பக்கத்தில் தோளுக்கு அருகே வரட்டும்.

ஏறும்போது முன்பக்கம் தூக்குவதற்குக் காரணம் பின்னால் தொங்கும் கொப்பிப் பை. நாற்பது கொப்பி என்றால் 5, 6 கிலோ வரும், அது பின்சில்லின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, தராசுத் தட்டில் வைத்ததுபோல. பையை மடியில் வைத்துப் பெல்ட்டுக்குள் வாரை மாட்டிக்கொள்ளுங்கள், அதைவிட நல்லது கொப்பிகளைப் பிள்ளைகளே தூக்கிவருவது, கேட்டால் சந்தோசமாகச் செய்வார்கள். ஏறும்போது நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் கொடுங்கள், உங்கள் முதுகுக்கு முடிந்த அளவு மட்டும். பாதியில் நிறுத்தாமல் ஒரே சீராக ஏறுங்கள், நிறுத்த வேண்டி வந்தால் திரும்ப எடுக்கும்போது ஜோய்ஸ்ரிக்கை உந்தித் தள்ளாமல் மயிரிழை மயிரிழையாகக் கொடுங்கள், உந்தினால்தான் முன்பக்கம் கிளம்பும். கதிரையின் பின்பக்கம் கீழே நிலத்துக்கு மேலாக இரண்டு குட்டிச் சில்லுகள் நிற்கின்றனவா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் கவிழாமல் தாங்குவது அவைதான். செங்குத்தான சாய்வின் அடியில் அவை தட்டி இடைஞ்சல் கொடுக்கும், அதனால் சிலர் கழற்றி அலுமாரிக்கு மேல் போட்டுவிடுவார்கள். கழற்றியிருந்தால் இன்றைக்கே பூட்டுங்கள்.

பெல்ட்டைப் பற்றி ஒரு வரி. வயிற்றில் கட்டுவதல்ல, இடுப்பெலும்புக்குக் கீழாகத் தொடை தொடங்கும் இடத்தில், இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில். முற்றம்வரைதானே என்று விடாதீர்கள், நீங்கள் விழுந்ததே முற்றத்தில்தான்.

வீட்டுக்குள் இருக்கும் மூலைக்கு வருவோம். கால்விரல் இடிப்பதும் சாந்து பெயர்வதும் இரண்டு பிரச்சினை மாதிரித் தெரியும், இரண்டும் ஒன்றுதான். கதிரை பின்சில்லைச் சுற்றித்தான் சுழலும், அந்தப் பின்சில்லு உங்கள் இடுப்புக்குக் கீழே இருக்கிறது, பாதங்களோ அதிலிருந்து மூன்று அடி முன்னால். நீங்கள் இடப்பக்கம் திரும்பினால் பாதம் பெரிய வட்டம் போட்டு எதிர்ச்சுவரைத் தேடிப் போகும். அதற்குப் பயந்து முன்கூட்டியே திருப்பினால் இடது பின்சில்லு மூலையைக் குறுக்கே வெட்டும். நடந்து போகிறவர் பாதம் போகும் இடத்தைப் பார்த்துத் திரும்புவார், ஐம்பது வருடப் பழக்கம் உங்களுக்கும் அதுதான், கதிரையில் இடுப்பைப் பார்த்துத் திரும்ப வேண்டும். மூலை உங்கள் முழங்காலுக்கு நேரே வரும்போது திருப்ப ஆசை வரும், திருப்பாதீர்கள். இன்னும் நேரே போங்கள், மூலை இடுப்புக்கு நேரே வந்ததும் நின்று, அதன் பிறகு ஜோய்ஸ்ரிக்கைப் பக்கவாட்டில் மட்டும் மெல்லச் சாய்த்தால் ஒரு சில்லு முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் உருண்டு நின்ற இடத்திலேயே திரும்பும். கைப்பிடியில் பின்சில்லின் அச்சுக்கு நேராக ஒரு துண்டு சிவப்பு ரேப் ஒட்டிவிடுங்கள், மூலை அந்த ரேப்புக்கு வரும்வரை காத்திருந்தால் சரி.

உங்கள் நடை எத்தனை அகலம் என்று எழுதவில்லை. மூன்றரை அடிதான் என்றால் ஒரே மூச்சில் திரும்ப முடியாது. பாதி திரும்பி, ஒரு சாண் பின்னுக்குப் போய், மீதி திரும்புங்கள். பின்னுக்குப் போகும்போது முன்சில்லுகள் புரளுவதால் கதிரை ஒருமுறை பக்கவாட்டில் ஆடும், அந்த ஆட்டத்துக்கு நாலு விரல் இடம் விட்டுவைக்க வேண்டும். மற்றது, பாதத்தட்டு. பாவித்த கதிரைகளில் அநேகமாகக் காலை முன்னால் நீட்டி வைக்கும் தட்டுத்தான் வரும். உங்கள் முழங்கால் நேராக மடங்குமென்றால் காலைக் கீழே செங்குத்தாக வைக்கும் தட்டாக மாற்றினால் அரை அடிக்குக் கிட்டக் கதிரை குட்டையாகும், பாதி இடிப்பு அதிலேயே போய்விடும். போலியோக் காலுக்கு உணர்ச்சி இருப்பதால் இடித்தது உங்களுக்கு வலிக்கிறது, அது நல்லது. முள்ளந்தண்டு அடிபட்டவர்களில் பலருக்கு அது தெரியாது, நகம் பெயர்ந்து இரத்தம் போவதை வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காக வலியைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம், வீட்டுக்குள்ளும் முன்மூடிய சப்பாத்துப் போடுங்கள்.

பழகுவதற்கு வீட்டு மூலை நல்ல இடமில்லை, சுவர் மன்னிக்காது. நெல் காயப்போடும் சீமெந்துத் தளமோ கோயில் முன்றலோ போதும், காலை வெயில் ஏறுவதற்கு முன்னர் போங்கள். நாலு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து உங்கள் நடையின் அகலத்தையும் மூலையையும் அப்படியே நிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சிரட்டை நொறுங்கினால் நொறுங்கட்டும், எந்தச் சில்லு நொறுக்கியது என்று மட்டும் பாருங்கள், முன்னால் நொறுங்கினால் பிந்தித் திருப்பியிருக்கிறீர்கள், பின்னால் நொறுங்கினால் முந்தித் திருப்பியிருக்கிறீர்கள். ஒரு கிழமை, ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். பிள்ளைகளுக்குக் கணக்குப் பழக்கிய உங்களுக்கு இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

சாய்வை உடைத்துத்தான் ஆக வேண்டும், அதற்கு மாற்று வழி சொல்ல எனக்கு மனமில்லை. 18 அடி நேராகப் போட முற்றம் போதாதென்றால் 9 அடி இறங்கி, ஐந்துக்கு ஐந்து அடியில் ஒரு தட்டை, அங்கே திரும்பி மறுபடி 9 அடி. சாய்வின் தலைப்பிலும் அதே ஐந்துக்கு ஐந்து தட்டை வேண்டும், முன்சில்லை நேராக்க இடம் என்று மேலே சொன்னது அதற்குத்தான். அடியிலும் வேண்டும். இப்போது உங்கள் சாய்வு முடிகிற இடத்தில் மணல் தோண்டுப்பட்டு ஒரு கை ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும், நான் பார்க்காமலே சொல்கிறேன், எல்லா வீட்டிலும் அப்படித்தான். அந்த இடத்தில் மணலுக்கு மேல் சீமெந்துத் தட்டை போட்டுக் கேற்றுவரை இழுத்துவிடச் சொல்லுங்கள். அகலம் மூன்றரை அடிக்குக் குறையக் கூடாது, இரண்டு ஓரத்திலும் நாலு அங்குல உயரத்துக்கு ஒரு கட்டு, சில்லு விளிம்பைத் தாண்டாமல் இருக்க. மேல்பூச்சை மேசன் கண்ணாடி மாதிரி இழைத்துத் தருவார், அது அவருக்குப் பெருமை, நீங்கள் விடாதீர்கள். ஈரம் காய முன்னர் தும்புத்தடியால் குறுக்காகக் கோடு கோடாக இழுக்கச் சொல்லுங்கள். மாரியில் பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட வேண்டும், பாசிக்கு மேல் எந்தப் பிறேக்கும் வேலை செய்யாது.

அது கட்டி முடியும்வரை அந்தச் சாய்வில் கதிரையோடு நீங்கள் இறங்கவே கூடாது, மருமகன் பிடித்தாலும் கூடாது. இந்த விஷயத்தில் மட்டும் நான் மகளின் பக்கம். ரியூசனை அந்த ஒரு மாதம் விறாந்தையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போகத் தொடங்கியதும் காப்பெற் றோட்டின் ஓரம் கவனம். றோட்டு உயர்ந்து, ஓரத்தில் நாலு அங்குலம் மணலுக்கு இறங்கும் இடங்களில் கோணலாக ஏறப் பார்த்தால் ஒரு சில்லு ஏறி மற்றது கீழே நிற்க, கதிரை உங்கள் வளைவுப் பக்கமே கவிழும். உயரமில்லாத இடமாகப் பார்த்து, றோட்டு விளிம்பை நேரே பார்த்தபடி ஏறுங்கள். நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்த றோட்டில் கதிரை எப்போதும் கான் பக்கம் இழுக்கும், அது பழுதல்ல, ஜோய்ஸ்ரிக்கை ஒரு நூல் மேட்டுப் பக்கம் பிடித்தபடி போக வேண்டும். மழை தூறினால் ஜோய்ஸ்ரிக்கின் மேல் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துக் கட்டுங்கள், அதன் அடியில் உள்ள றப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்க் கதிரை தன்பாட்டில் ஓடவும் கூடும், ஓடாமல் நின்றுவிடவும் கூடும். வெள்ளம் நிற்கும் றோட்டில் போகவே வேண்டாம், மோட்டரும் பற்றரியும் நிலத்துக்குக் கிட்டத்தான் இருக்கின்றன.

வங்கிக்குப் போனால் அங்கே உள்ள சாய்வும் செங்குத்தாக இருந்தால் சிரமப்பட்டு ஏறாதீர்கள், உள்ளே இருந்து ஆளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் அதன் கீழ் 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகளும் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களுக்குக் கதிரை ஏறக்கூடிய வழியைக் கடமையாக்கி வைத்திருக்கின்றன. நீங்கள் படிப்பித்த பிள்ளைகளில் யாராவது அங்கே மேசையில் இருப்பார்கள், ரீச்சர் சொன்னால் கேட்பார்கள்.

மேசன் வந்து நூல் பிடிக்கும் நாளை மகளிடம் சொல்லி எனக்கு அறிவியுங்கள், நானும் அளவுநாடாவோடு வருகிறேன். அதற்கு முன்னர் ஒரு மாலை மகளையும் அந்தக் கதிரையில் இருத்திச் சிரட்டைகளுக்கு நடுவே ஓட்டச் சொல்லுங்கள்.